இலவசக் கல்வியும் இடையிலுள்ள வீதியும்

இலங்கையிலே கல்வி இலவசமானது என்பதனை மறுப்பார் எவருமிலர். 1945ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, கமக்காரரின் மகளையும் மீனவரின் மகனையும் பல்கலைக்கழக வாயில்வரை கொண்டுவந்து நிறுத்தியது வரலாறு. ஆயின், அவ்விலவசம் எவ்விடத்திலே தொடங்குகின்றது என்னும் வினா எழுப்பப்படுதல் அரிது. விரிவுரை மண்டபத்தின் வாயிலிலே தொடங்கி அங்கேயே முடிந்துவிடும் இலவசம், அவ்வாயிலை அடைவதற்கு நாள்தோறும் காசும் காலமும் செலுத்தும் மாணவருக்குப் பாதி இலவசமேயாகும். வீட்டிலிருந்து வந்துபோகும் மாணவரை உயர்கல்வி தன் கணக்கிலே சேர்க்கவில்லை. இக்கட்டுரை முன்வைக்கும் குற்றச்சாட்டு இதுவே.

இலவசக் கல்வியின் முன்னோடிகள் வீதியை மறந்தவர்களல்லர். சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்த காலத்திலே கிராமப்புறங்களில் மத்திய பாடசாலைகள் எழுந்தன. புலமைப்பரிசில் பெற்ற ஏழைப் பிள்ளை விடுதியில் தங்கிப் படிப்பதற்கு அவற்றில் வழிசெய்யப்பட்டது. 1942இலே கொழும்பில் உருவான இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இலே பேராதனைக்குப் பெயர்ந்தபோது, முதல் துணைவேந்தர் சேர் ஐவர் ஜெனிங்ஸ் கருத்திற்கொண்டிருந்ததும் மாணவர் வளாகத்திலேயே உறையும் பல்கலைக்கழகத்தையே. அத்தகைய வளாகத்திலே அதிகாலை விரிவுரை, மாலைக் கூட்டம், இரவு நூலகம் ஆகிய யாவும் இயல்பானவை. மாணவரின் உறைவிடம் நடைதூரத்தில் இருந்தமையே அதற்குக் காரணம்.

பின்னர் தோன்றிய பிராந்தியப் பல்கலைக்கழகங்களின் கதை வேறு. 1974இலே யாழ்ப்பாண வளாகம் உருவானது. மட்டக்களப்பிலே 1981இலே தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி 1986இலே கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. 1990ஐ அடுத்த வன்செயல்களினால் வடக்கிலும் கிழக்கிலும் கல்வியைத் தொடர முடியாதுபோன முஸ்லிம் மாணவரின் இடர்ப்பாட்டிலிருந்து, எம். எச். எம். அஷ்ரப் அவர்களின் முயற்சியால், 1995இலே தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி பிறந்து அடுத்த ஆண்டிலேயே பல்கலைக்கழகமாக உயர்ந்தது. இவை யாவற்றுக்கும் பின்னால் இருந்த நியாயம் ஒன்றே: கல்வியை நாடி மக்கள் ஊர் துறத்தல் வேண்டா; கல்வி மக்களின் வாசலுக்கு வருதல் வேண்டும். கட்டடங்கள் வாசலுக்கு வந்தன. எனினும், அவற்றினுள்ளே ஓடும் மணிக்கூடு மட்டும் பேராதனையிலிருந்தே வந்தது. மாணவர் யாவரும் அருகிலேயே உறங்கியெழுகின்றனர் என்ற எண்ணத்தின்மீதே நேரசூசிகள் இன்றும் வரையப்படுகின்றன.

சவளக்கடையிலிருந்து ஒலுவிலுக்குச் செல்லும் ஒரு மாணவியின் நாளை எண்ணிப் பார்க்குமிடத்து இவ்வுண்மை தெளிவாகும். தமிழரும் முஸ்லிம்களும் அயலவராய் வாழும் வயற்புறம் அது. அவள் முதலிலே கிட்டங்கி வழியாகக் கல்முனையை அடைதல் வேண்டும். அங்கிருந்து அக்கரைப்பற்று பஸ்ஸில் ஏறிச் சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் ஆகிய ஊர்களைக் கடந்து ஒலுவிலில் இறங்குதல் வேண்டும். தேசப்படத்திலே இது முப்பது கிலோமீற்றருக்குள் அடங்கும் தூரம். ஆனால், தேசப்படத்தில் தரிப்பிடத்துக் காத்திருப்பு இல்லை. பாடசாலைப் பிள்ளைகளும் அலுவலகத்தாரும் நெருக்கியடிக்கும் காலை பஸ் இல்லை. முதல் வண்டி பிந்தியதால் தவறிப்போகும் இரண்டாம் வண்டியும் இல்லை.

போக்கும் வரவும் காத்திருப்புமாக நாளொன்றுக்கு 3 மணித்தியாலம் என்று குறைத்துக் கணித்தாலும், கிழமைக்கு ஐந்து நாளில் 15 மணித்தியாலம் கழியும். பதினைந்து கிழமை கொண்ட ஓர் அரையாண்டில் அது 225 மணித்தியாலமாகும். மூன்று திறமைப் புள்ளிகள் கொண்ட ஒரு பாடத்துக்குரிய விரிவுரை நேரம் 45 மணித்தியாலம். எனவே, ஐந்து பாடங்களைக் கேட்பதற்குரிய காலத்தை வீதி விழுங்கிவிடுகின்றது. விடுதி மாணவர் ஐந்து பாடம் படிக்கும் அரையாண்டிலே வந்துபோகும் மாணவர் பத்துப் பாடத்தின் நேரத்தைச் செலவிட்டும் ஐந்துக்கே பெறுபேறு பெறுகின்றனர். மகாபொலப் புலமைப்பரிசிலை மாதம் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ரூபாயாக உயர்த்த 2025ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டம் வகைசெய்தது, வரவேற்கத்தக்கதே. ஆயினும், நாள்தோறும் நான்கு முறை பஸ் ஏறுபவரும் ஒரு முறையேனும் ஏறாதவரும் பெறுவது ஒரே தொகையே.

இதற்கு மறுப்பு உடனே எழும். "பக்கத்து ஊரவர்தாமே, விடுதி தூரத்தவருக்கே உரியது" என்பர். அதில் நியாயமுண்டு. மொனராகலையிலிருந்தோ மன்னாரிலிருந்தோ வருபவரின் இடத்தைச் சவளக்கடை மாணவி கேட்கவில்லை. விடுதி தர இயலாதெனின் நேரமாவது தரப்படல் வேண்டும் என்பதே அவளது கோரிக்கை. காலை எட்டு மணிக்கு ஒரு விரிவுரை, மாலை மூன்று மணிக்கு மற்றொன்று, இடையில் ஒன்றுமில்லை என அமையும் நாள் விடுதி மாணவருக்கு ஓய்வு. அவளுக்கோ மரநிழலிற் கழியும் பகல்.

"வந்துபோவோர் விரிவுரை முடிந்ததும் ஓடிவிடுவர், சங்கங்களில் ஈடுபாடில்லாதவர்" என்பதும் அடிக்கடி கேட்கும் பழிச்சொல். கூட்டத்தை மாலை ஐந்து மணிக்கு வைத்துவிட்டு, கல்முனையில் இறங்கிச் சவளக்கடைக்குரிய வண்டியைப் பிடிக்க ஓடுபவளைப் பார்த்து ஈடுபாடு இல்லை என்பது எவ்வகை நீதி? மகரிபுக்கு முன் வீடு சேர்வாள் என்ற நம்பிக்கையிலேயே உம்மாவும் வாப்பாவும் அவளைப் படிக்க விட்டிருக்கின்றனர். அந்நம்பிக்கை ஒரு முறை உடையுமாயின் கூட்டம் மட்டுமன்றிப் பட்டமும் கைவிட்டுப் போகலாம். நாடகம், விவாதம், இலக்கியக் கூட்டம் ஆகியன விடுதியிலிருப்போரின் தனியுடைமையாய்ச் சுருங்குமாயின், அதற்குரிய பொறுப்பு நேரம் குறித்தவரைச் சாரும்.

மாரிகாலத்திலே இப்பிரச்சினை உயிர்ப் பிரச்சினையாகிவிடுகின்றது. மழை பெருத்த ஆண்டுகளிலே கிட்டங்கித் தாம்போதியை வெள்ளம் மேவிப் பாய்ந்து சவளக்கடைப் பகுதியைக் கல்முனையிலிருந்து துண்டித்திருக்கின்றது. 2024 நவம்பர் 26ஆம் திகதி, காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியில், வீடு திரும்பிய மத்ரசா மாணவரை ஏற்றிய உழவு இயந்திரம் வெள்ளத்திற் கவிழ்ந்து இளம் பிள்ளைகள் பலர் மாண்டதை இக்கரையோரம் இலகுவில் மறவாது. கல்விக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள வீதி உயிரையும் கேட்கும் என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டியதில்லை. பல்கலைக்கழகங்களிலே 80 வீத வரவு இல்லாதவர் பரீட்சைக்கு அமர இயலாதென்னும் விதி பொதுவானது. விதி இருக்கட்டும். ஆனால், நீர் மேவிய தாம்போதியின் முன் நின்று வரவு வீதத்தை எண்ணிப் பார்த்துக் காலை வைக்கும் நிலைக்கு எம்மாணவரும் தள்ளப்படலாகாது.

செய்யவேண்டியவை பெருஞ்செலவின்பாற்பட்டவையல்ல. அனர்த்த முகாமைத்துவத் துறையோ பிரதேச செயலகமோ வீதி மூடப்பட்டதென அறிவித்த நாள், அவ்வழி வரும் மாணவரின் வரவுக் கணக்கிலிருந்து நீக்கப்படல் வேண்டும். ஒரு வகுப்பின் விரிவுரைகள் இயன்றவரை தொடர்ச்சியாக அமைக்கப்படல் வேண்டும். கல்முனை, அக்கரைப்பற்று சாலைகளின் பஸ் நேரமும் விரிவுரை நேரமும் ஒரே மேசையிலே வைத்துப் பார்க்கப்படல் வேண்டும். பகலிலே தங்கியிருக்கவும் தொழவும் படிக்கவும் புத்தகங்களைப் பூட்டி வைக்கவும் ஓரிடம் வேண்டும். மாணவர் சங்கங்கள் தம் கூட்டங்களிற் பாதியையேனும் நண்பகல் இடைவேளையில் நடாத்துதல் வேண்டும். தமிழ்ச் சங்கம் இதில் முன்னே நிற்பின் நன்று.

வந்துபோகும் மாணவர் பல்கலைக்கழகத்தின் விருந்தினரல்லர். வயலின் நிலையையும் ஊரின் பேச்சையும் ஒவ்வொரு காலையும் வளாகத்துக்குள் கொண்டுவருபவர் அவர். அங்கே கற்றதை அன்று மாலையே ஊருக்குக் கொண்டுசெல்பவரும் அவரே. பல்கலைக்கழகம் மக்களுடையது என்று மேடையிலே முழங்குவது எளிது. அச்சொல் மெய்யாக வேண்டுமெனின், மக்கள் வந்துபோகும் வீதியும் பல்கலைக்கழகத்தின் ஒரு பகுதியே என்பது முதலில் ஏற்கப்படல் வேண்டும்.