கேட்டுவிட்டு வாருங்கள்!



பழங்குடி இளைஞர்களுக்கு உதவ வேண்டும் என்று மேடைகளில் அடிக்கடி பேசுகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் என்ன உதவி வேண்டும் என்று எங்களிடம் கேட்பவர்கள் மிகக் குறைவு. பந்தலூர்ப் பக்கத்து ஆதிவாசிக் கிராமத்திலிருந்து டிப்ளமோ படிக்க வந்தவன் என்ற உரிமையில் என் கருத்தைச் சொல்கிறேன்.

எங்கள் ஊருக்கு ஒருமுறை ஒரு அமைப்பு வந்தது. இரண்டு ஜீப் நிறையப் போர்வையும் நோட்டுப் புத்தகமும். பேனர் கட்டினாங்க, எங்களை வரிசையில நிக்க வச்சு போட்டோ எடுத்தாங்க, பொழுது சாயறதுக்குள்ள போயிட்டாங்க. எங்க ஊர்ப் பசங்களுக்கு அன்னைக்குத் தேவைப்பட்டது போர்வை இல்ல, சாதிச் சான்றிதழ்! அது கிடைக்காமல் பத்தாவது முடித்தவர்களும் எஸ்டேட் கூலிக்குப் போனார்கள். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்போம்.

வேறு வழி இருக்கிறதா? இருக்கிறது. கூடலூரைப் பாருங்கள். 1980-களின் நடுவில் அங்கே வேலையைத் தொடங்கிய 'அக்கார்டு' தொண்டு நிறுவனம், ஆதிவாசி இளைஞர்களையே பணியாளர்களாகச் சேர்த்தது. ஊர் ஊராகக் கூட்டம் போட்டு ஆதிவாசி முன்னேற்றச் சங்கம் உருவானது. 1988 டிசம்பரில் ஆயிரக்கணக்கான ஆதிவாசிகள் நில உரிமை கேட்டு ஊர்வலம் போனார்கள். மருத்துவத்திலும் இதே கதைதான். முதலில் கட்டடம் எழும்பவில்லை. கிராமத்துப் பெண்களுக்குச் சுகாதாரப் பயிற்சி கொடுத்தார்கள். ஆதிவாசி மருத்துவமனை வந்தது 1990-ல். பயிற்சி பெற்ற ஆதிவாசிப் பெண்களே அங்கு நர்சுகள் ஆனார்கள். நம்ம பாஷையில 'எங்க வலிக்குது'ன்னு கேட்டா, ஊசிக்குப் பயந்த பாட்டியும் உள்ளே வருவாங்கதானே?

மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலிக்கு வாருங்கள். பாம்புத் தோல் வியாபாரம் தடை செய்யப்பட்டதும் இருளர்களின் பிழைப்பு போனது. கைவித்தையை மறந்துவிடு என்று அவர்களிடம் சொல்லாமல், அதையே மூலதனமாக்கி 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, மறுபடி காட்டில் விடுகிறார்கள். அந்த விஷம் பாம்புக்கடி மருந்து தயாரிக்கப் போகிறது. அந்தச் சங்கத்தின் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடா வரை போய் மலைப்பாம்பு பிடித்துக் காட்டினார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ! இவர்களைப் பார்த்து 'ஒண்ணும் தெரியாதவங்க'ன்னு சொல்ல முடியுமா?

இதையெல்லாம் நம் மாணவர் பேரவைக்காகத்தான் சொல்கிறேன். அடுத்த ஆண்டு என்.எஸ்.எஸ். முகாமை மலைக் கிராமத்தில் நடத்தலாம் என்று பேச்சு அடிபடுகிறது. என் வேண்டுகோள் இவை:

முகாமுக்கு ஒரு மாதம் முன்பே இரண்டு பேர் போய் ஊர்க்கூட்டத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் மரியாதையாகத் திரும்ப வேண்டும்.

மோட்டாரை நாமே ரிப்பேர் செய்து கைதட்டல் வாங்க வேண்டாம். அந்த ஊர் இளைஞர் நாலு பேருக்குக் கற்றுக் கொடுத்து, டூல்ஸை அவர்களிடமே விட்டு வருவோம்.

ஒரே ஊருக்கு மூன்று ஆண்டுகளாவது தொடர்ந்து போக வேண்டும். கேட்காமல் யாரையும் போட்டோ எடுக்கக் கூடாது.

'இதெல்லாம் நாள் ஆகிற வேலைப்பா'ன்னு சிலர் சொல்லலாம். ஆகட்டுமே! லேத்தில் ஜாப் மாட்டியதும் சென்டர் பார்க்காமல் டூலை வைக்கிறோமா? வைத்தால் ஜாப்தான் கெடும். இரும்புக்குக் காட்டுகிற பொறுமையை மனிதர்களுக்குக் காட்டக் கூடாதா?

தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கான இட ஒதுக்கீடு 1 சதவீதம். ஒரு வகுப்பில் எங்களில் ஒருவர் இருந்தாலே அபூர்வம். அந்த ஒருவரிடம் 'உனக்கு என்ன கொடுக்கட்டும்?' என்று கேட்காதீர்கள். 'நாம சேர்ந்து என்ன செய்யலாம்?' என்று கேளுங்கள். பதில் சொல்ல நாங்கள் தயார்!

— இறுதியாண்டு மெக்கானிக்கல் மாணவன்