துக்க வீட்டுக்கு ஃபைல் எதுக்கு சார்?

போன மாதம் எங்கள் கிளை வாடிக்கையாளர் ஒருவர் காலமானார். அகமதாபாத் மார்க்கெட்டில் தம்பியோடு கூட்டாகத் துணி வியாபாரம், பதினோரு வருட கேஷ் கிரெடிட் கணக்கு. சேதி வந்த அரை மணியில் ஆபீஸ் வாட்ஸப்பில் வரிசையாக 'ஓம் சாந்தி', கும்பிடும் கைகள். அடுத்த வரியிலேயே ஒரு கேள்வி: "அக்கவுண்ட்டை நிறுத்தியாச்சா?"

கேள்வி தப்பில்லைங்க. பி.காம். படித்தவனுக்குக் கிளேட்டன் விதி மறக்காது. 1816-ல் வந்த இங்கிலாந்துத் தீர்ப்பு. ஓடுகிற கணக்கில் புதிதாக வரும் வரவு, பழைய பற்றைத்தான் முதலில் கழிக்கும். கணக்கை ஓடவிட்டால் இறந்த பங்குதாரரின் பொறுப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துவிடும். நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் நிறுத்தினதைத் தம்பிக்கு யார் சொல்வது? யாரும் சொல்வதில்லை. செக் திரும்பி வரும்போது அவரே தெரிந்துகொள்ளட்டுமாம்! கும்பிட்ட கைகளில் ஒன்றுகூட போனை எடுக்கவில்லை.

குஜராத்தில் 'பேஸ்ணு' என்று ஒன்று உண்டு. மறைந்தவர் படத்துக்கு மாலை போட்டு, வீட்டார் வெள்ளை உடுத்தி உட்கார்ந்திருப்பார்கள். நேரம், இடம் எல்லாம் பேப்பரில் வரும். போகிறவர்கள் பூப்போட்டு, கை கூப்பி, சற்று உட்கார்ந்துவிட்டு எழுந்து வரவேண்டும். "போயிட்டு வர்றேன்" சொல்லாமல் கிளம்பும் நம்ம ஊர்த் துக்க வீடு மாதிரிதான். பேச்சே வேண்டாம்.

அங்கேயும் நம்ம ஆட்கள் ஃபைலோடு போகிறார்கள். ஒருத்தருக்குக் கடன் ஒப்புதல் கடிதத்தில் வாரிசு கையெழுத்து வேண்டும். இன்னொருத்தருக்கு இன்சூரன்ஸ் பணம் நம்ம கிளைக்கே டெபாசிட்டாக வரவேண்டும்.

ரொம்ப யோக்கியன் மாதிரி எழுதுகிறேன் இல்லையா? 2009-ல் நானும் போனேன், மேலாளர் சொன்னார் என்று. பையன் என் பேனாவையே வாங்கி, படிக்காமல் கையெழுத்துப் போட்டான். "தண்ணீர் குடித்தீர்களா சாகேப்?" என்று வேறு கேட்டான். இன்றைக்கும் உறுத்துகிறது.

"அப்ப வசூலை யார் பார்ப்பது?" என்பார்கள். பாருங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? சாதாரணக் கடனுக்கு வழக்குப் போட சட்டம் மூன்று வருடம் தருகிறது. பதின்மூன்று நாள் பொறுத்தால் மூழ்கிவிடும் என்றால், அது செத்தவர் குற்றமில்லை. ஃபைலை அதுவரை தூங்கவிட்ட உங்கள் குற்றம்.

இதே அவசரம் டெபாசிட்டைத் திருப்பித் தருவதில் உண்டா? முறையான நாமினி இருந்தால் வாரிசுச் சான்றிதழ் கேட்கத் தேவையில்லை. ஆனாலும் கேட்டு அலையவிடுகிறோம். ஆவணங்கள் வந்த 15 நாளில் முடியுங்கள் என்று ரிசர்வ் வங்கி 2005-லேயே சொன்னது. கேட்டோமா? 2025-ல், வங்கியால் தாமதமானால் ஈட்டுத்தொகை கொடு என்று உத்தரவு போட வேண்டியதாயிற்று. அபராதம் வைத்து வாங்க வேண்டியிருக்கிறது நம்மிடமிருந்து இரக்கத்தை!

நான் கேட்பது ரொம்பச் சின்ன விஷயம். வெறுங்கையோடு போங்கள். கணக்கு ஏன் நின்றது என்று அன்றே ஒருவரிடம் போனில் பக்குவமாகச் சொல்லுங்கள். காரியம் முடிந்தபிறகு என்னென்ன காகிதம் வேண்டும் என்று ஒரே தடவையில் எழுதிக் கொடுங்கள், தவணை முறையில் வேண்டாம்.

'ஓம் சாந்தி' அடிக்கத் தெரிந்த விரலுக்கு ஒரு க்ளெய்ம் ஃபாரம் நிரப்பிக் கொடுக்கத் தெரியாதா என்ன?