வீட்டுத் தோட்டமும் வெள்ளிக் கணக்கும்



"சந்தையில் இரண்டு வெள்ளிக்குக் கிடைக்கும் கீரையை வளர்க்க இருபது வெள்ளி செலவிடுவதா?" என்று கேட்போர் உளர். கேள்வி தவறன்று. சென்ற ஆண்டு தொட்டி, மண் மூட்டை, உரம் அனைத்தையும் விலைகொடுத்து வாங்கி மிளகாய் பயிரிட்டேன். காய்த்தவை இரண்டு கைப்பிடி. அப்பணத்திற்குப் பல மாதங்களுக்கு மிளகாய் வாங்கியிருக்கலாம்.

ஆயினும், ஜொகூர் மாநிலத்து இரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோர் இவ்வாறு செலவிட்டதில்லை. லயத்தின் பின்புறம் நிலம் இருந்தது. மாட்டுச் சாணம் இருந்தது. பால்மரம் வெட்டி முடித்தபின் பிற்பகற்பொழுது இருந்தது. வரிசை வீடுகளுக்குக் குடிபெயர்ந்த நாம் இழந்தவை அம்மூன்றுமே. எனவே அவர்கள் கணக்கு நமக்கு அப்படியே பொருந்தாது.

ஆனால், கணக்கில் ஏறாத செய்தி ஒன்றுண்டு. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆண்டபோது, பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்த அரிசி அருகிப்போயிற்று. மரவள்ளிக்கிழங்கே பலருக்கும் உணவாயிற்று. 1943இல் சிங்கப்பூர்ச் சீனர்களை நம் மாநிலத்து எண்டாவில் குடியேற்றி, காடழித்துப் பயிர்செய்ய வைத்தனர். பின்னர், 1974இல் துன் அப்துல் ரசாக் அவர்கள் பச்சைப் புத்தகத் திட்டத்தைத் தொடங்கி, வீட்டருகே காய்கறி பயிரிடுமாறு மக்களை ஊக்குவித்தார்கள். 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோதும் பலர் மண்வெட்டியைத் தேடினர். பஞ்சம் வந்த அன்று நட்டால் மரவள்ளி அன்றே கிழங்கு தருமா? பல மாதங்கள் காத்திருக்க வேண்டும். கைப்பழக்கமும் அப்படியே.

ஆதலின், செலவில்லாதவற்றை நடுவோம். முருங்கைக்கு ஒரு போத்து போதும். கறிவேப்பிலைக்குத் தாய்மரத்தடியில் முளைக்கும் கன்று போதும். தக்காளியைக் கேமரன் மலைக்கு விட்டுவிடலாம். நம் வெப்பத்தில் அதனோடு மல்லுக்கட்டுவது வீண் என்பது என் எண்ணம்.

உணவைப் பதப்படுத்துவதிலும் இடமறிந்து செய்தல் வேண்டும். தமிழகத்து வெயிலில் காயும் வற்றல், நவம்பர் மாத மழையில் இங்கே பூசணம் பூத்துவிடும். மின்னடுப்பில் உலர்த்தினால் மின்கட்டணம் வற்றலின் விலையை விஞ்சிவிடும்! ஆனால், மாங்காய் மலிந்த காலத்தில் உப்பிலிட்டு வைக்க ஒரு சாடியும் உப்புமே தேவை.

இவ்வாண்டு என் மிளகாய்த் தொட்டிகள் வெறுமையாய் உள்ளன. வேலியோரம் நட்ட முருங்கைப் போத்து துளிர்த்துவிட்டது. பக்கத்து வீட்டு மலாய் அன்னையார் தமக்கும் ஒன்று வேண்டுமெனக் கேட்டிருக்கிறார்.