தீட்டியது எந்தத் தோலில்?

சவரக் கத்தியைச் சாணை பிடிப்பதில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்கும் தோழர்கள் கொஞ்சம் பொறுக்கவும். தமிழில் கத்தியைக் கூராக்குவதற்கும் தீட்டு என்றுதான் பெயர். நம்மைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்கிறார்களே, அதற்கும் அதே பெயர்தான். இரண்டும் ஒரே நாற்காலியில் வந்து உட்காருகிற இடம் சலூன்.

மடக்குகிற பழைய சவரக் கத்திக்கு இப்போது புது மவுசு. ஜெர்மனியின் சோலிங்கனிலோ இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலோ செய்த கத்தியைத் தேடி வாங்குகிறார்கள். அதைத் தீட்டத் தண்ணீர்ச் சாணை எந்திரம் ஒன்றும் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்கிறார்கள். எங்கள் கிளையிலும் அப்படி ஒரு அதிகாரி உண்டு. சாப்பாட்டு நேரத்தில் இதே பேச்சுதான். "கைவித்தை சார் அது. நம்ம நாவிதர்கள்ட்ட இருந்த கலை. அழிஞ்சே போச்சு" என்று உச்சுக் கொட்டுவார்.

அவர் சொல்கிற நுட்பத்தில் தப்பில்லை. சவரக் கத்தியின் விளிம்பு அவ்வளவு மெல்லிசு. காய்ந்த கல் வேகமாகச் சுற்றினால் பொறி பறக்கும், சூட்டில் விளிம்பு நீலம் பாரிக்கும், எஃகின் பதம் இறங்கிவிடும். அரிவாள்மனை தாங்கும், இது தாங்காது. அதனால்தான் எந்திரத்தில் கல் தண்ணீர்த் தொட்டியில் நனைந்தபடி மெதுவாகச் சுற்றுகிறது. ஸ்வீடனின் டோர்மெக் எந்திரத்தில் நிமிஷத்துக்குச் சுமார் 90 சுற்றுதான். கையால் தீட்டும் தட்டைக் கல்லில் கத்தியைப் படுக்க வைத்தால் முதுகும் விளிம்பும் சேர்ந்தே கல்லைத் தொடும். முதுகின் பருமனே கோணத்தைக் கட்டிவிடும், யாரும் அளக்க வேண்டியதில்லை. சுற்றுகிற கல்லில் அந்தச் சௌகரியம் கிடையாது, பிடிப்பான் பூட்டிக் கோணம் வைக்க வேண்டும். விளிம்பில் பல் விழுந்திருந்தால் சக்கரம் சரி செய்துவிடும். ஆனால் கன்னத்தில் வைக்கிற கூர் அதில் முடிவதில்லை. கடைசியில் தோல்வார் வேண்டும். வாரில் முதுகு முன்னே போக, விளிம்பு பின்னால் வரும்படி இழுக்க வேண்டும். மாற்றி இழுத்தால் வார் அறுந்துபோகும்.

இந்தக் கூருக்காக அங்கேயும் ஆள் செத்திருக்கிறான். 1845-இல் வந்த எங்கெல்ஸின் இங்கிலாந்துத் தொழிலாளர் பற்றிய புத்தகத்தில் ஷெஃபீல்டு சாணைக்காரர்கள் வருகிறார்கள். காய்ந்த கல்லில் வேலை செய்தவனின் சராசரி ஆயுள் 35-ஐத் தொடுவதே கஷ்டம், ஈரக் கல்லில் செய்தவன் 45-ஐத் தாண்டுவது அபூர்வம் என்று அந்த ஊர் டாக்டர் ஒருவரை வைத்து எழுதுகிறார். கல்தூசும் இரும்புத்தூசும் நெஞ்சில் போய்ப் படிந்த கதை. எந்திரத்தை மேஜையில் வைத்து அழகு பார்க்கிறவர்கள் பேச்சில் அந்த இருமல் கேட்பதில்லை.

நம் கதை வாரில் இருக்கிறது. செத்த மாட்டை உரித்து, தோலைப் பதம் செய்து, வார் அறுத்துக் கொடுத்தவன் யார்? நம்மாளு. அந்தத் தோலில் ஏறி இறங்கிய கத்தி பண்ணையார் தொண்டைக்குழியில் நிம்மதியாக ஊர்ந்தது. தோலுக்குத் தீட்டில்லை. தோலைக் கொடுத்தவன் கன்னத்தைத் தொட்டால் மட்டும் கத்திக்குத் தீட்டு. எந்த சாஸ்திரத்தில் இந்தக் கணக்கு ஒத்துவரும்?

சாதாராவில் சிறுவன் அம்பேத்கருக்கு முடி வெட்டிவிட்டது அவருடைய அக்கா. ஊரில் நாவிதர் இருந்தார், கொடுக்கக் காசும் இருந்தது. தீண்டப்படாத பிள்ளையைத் தொட ஒருத்தரும் வரவில்லை. அவரே எழுதி வைத்திருக்கிறார். எங்கள் தாத்தாவுக்கு அவர் தம்பிதான் சவரம் பண்ணினார், வேப்பமரத்தடியில், யாரோ கழித்துப் போட்ட கத்தியில். சின்னத் தாத்தாவும் தீட்டத் தெரிந்தவர்தான். அழிந்துபோன கலைக்காரர் பட்டியலில் அவர் பெயரை யாரும் சேர்ப்பதில்லை. அதிகாரியின் 'நம்ம' என்கிற சொல்லில்தான் எனக்குச் சண்டை. அந்த நாவிதர் எங்களுக்கு எப்போது 'நம்ம' ஆனார்?

அவர்களுக்கு மட்டும் ஆனாரா என்றால், அதுவும் இல்லை. ஊர் அவரைக் குடிமகன் என்றது. களத்துமேட்டில் அளந்து போட்ட நெல்தான் கூலி. வைத்தியம் பார்த்தார், அந்த வீட்டுப் பெண்கள் பிரசவம் பார்த்தார்கள், சாவு வீட்டில் முதலில் வந்து நின்றார்கள். சவரம் முடிந்ததும் எஜமான் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போவான். தொட்டுச் சுத்தம் செய்தவனே தீட்டு! "அவனுங்களுக்குச் செஞ்சா எங்க வீட்டுப் பக்கம் வராதே" என்று ஒரு வார்த்தை போதும், அவர் அடுப்பு அணைந்துவிடும். இதைக் கலை என்று சொல்லிக் கண்ணீர் விடுகிறவன் அந்த அடுப்பைப் பார்த்ததில்லை.

ஒரே கத்தியை எல்லோருக்கும் வைக்க முடியுமா என்பது ஊரின் பழைய சாக்கு. 1986-இல் சென்னையில் எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டு, அந்தப் பயம் பரவிய பிறகு கத்தியே மாறியது. ஆளுக்கொரு பாதி பிளேடு, முடிந்ததும் குப்பையில். சாணையும் இல்லை, வாரும் இல்லை. சாக்கும் அதோடு குப்பைக்குப் போயிருக்க வேண்டுமே? போகவில்லை. நாற்காலி என்றார்கள், துணி என்றார்கள், "இன்னிக்குக் கடை லீவு" என்றார்கள். காலனிப் பையனுக்கு முடிவெட்ட மறுத்த சேதி இன்றைக்கும் பேப்பரில் வருகிறது. கத்தி அவர்களுக்கு எப்போதும் பிரச்சினையாக இருந்ததில்லை.

வங்கியில் சலூனுக்குக் கடன் கேட்டு வருகிறவர்களின் தாள்கள் என் மேஜைக்கு வரும். நாற்காலிக்குக் கொட்டேஷன், கண்ணாடிக்குக் கொட்டேஷன், கடைக்கு வாடகை ஒப்பந்தம். அந்த ஒப்பந்தத்தில் எழுதாத ஷரத்து ஒன்று உண்டு. கொஞ்சம் பழகினபிறகு அவர்களே சொல்வார்கள்: "கட்டடக்காரர் சொல்லிட்டாருங்க, காலனி ஆளுங்களை உள்ள விடக் கூடாதாம்."

இதைத்தான் நம் தோழர்களிடம் பேச விரும்புகிறேன். 1955-இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் வந்தது. 1976-இல் அதைக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாற்றிக் கடுமையாக்கினார்கள். கடுமை என்றால் ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை, 100 முதல் 500 ரூபாய் அபராதம். சேவை மறுப்பது 6-ஆம் பிரிவு. நாமும் அதைப் பிடித்துக்கொண்டு, கத்தரிக்கோல் வைத்திருப்பவரோடு மல்லுக்கு நிற்கிறோம். மறுக்கிறவர் குற்றவாளிதான், மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தீண்டாமையைக் கடைப்பிடிக்கும்படி பிறரைத் தூண்டுவது 7-ஆம் பிரிவில் தனிக் குற்றம். அதை யார் மேல் போடுகிறோம்? மிகவும் பிற்படுத்தப்பட்ட ஒருவர் ஸ்டேஷனில் கைகட்டி நிற்கிறார், உத்தரவு போட்டவன் அவருக்கே ஜாமீன் கொடுக்க வந்து பெரிய மனுஷன் ஆகிறான். இந்தக் கேவலத்துக்கு நாம் ஏன் மேடை போட்டுக் கொடுக்க வேண்டும்?

புகார் எழுதும்போது கட்டடக்காரன் பெயரையும் எழுதுங்கள். ஊர்க் கூட்டத்தில் யார் பேசினார்கள், எந்தத் தேதியில் பேசினார்கள் என்பதையும் எழுதுங்கள். இதைச் சொல்லக்கூடிய சாட்சி அந்த நாவிதர் ஒருவர்தான். மறுநாளே கடையைக் காலி செய்யச் சொல்வார்கள் என்று அவருக்குத் தெரியும், சும்மா வரமாட்டார். நம் தெருவில் ஒரு நாற்காலி போட அவருக்கு இடம் இருக்கிறதா என்று முதலில் பார்த்து வைத்துக்கொண்டு, பிறகு அவரிடம் பேசப் போங்கள்.