கேமரன் மலை ஏறினாலும் கிடைக்காத ஒளி

மலேசியாவின் காம்பார் நகரில் உச்சி வெயிலில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், தோல் கறுத்துவிடும். புறஊதாக் கதிர்தான் காரணம் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அதை வைத்தே ஒரு வாதம் உலவுகிறது: அந்த ஒளிதான் தரைக்கே வருகிறதே, விண்மீன்களின் புறஊதாவை அளக்க விண்கலம் எதற்கு? கேமரன் மலையில் ஒரு நல்ல தொலைநோக்கி போதாதா?

போதாது. தோலைச் சுடுவது ஏறத்தாழ 290 முதல் 400 நானோமீட்டர் வரையுள்ள கதிர். அதற்குக் கீழே உள்ளதை ஓசோனும் ஆக்சிஜனும் விழுங்கிவிடுகின்றன. 20,000 கெல்வினுக்கு மேல் கொதிக்கும் சித்திரை விண்மீனின் ஒளி உச்சம் தொடுவதோ 150 நானோமீட்டருக்கும் கீழே. மலையேறியும் பயனில்லை. ஓசோன் அடர்ந்திருப்பது 15 கிலோமீட்டருக்கு மேல். கேமரன் மலையின் பிரிஞ்சாங் சிகரம் இரண்டு கிலோமீட்டர்தான். அதனால்தான் 2015 செப்டம்பர் 28இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட இந்திய வானியல் விண்கலமான அஸ்ட்ரோசாட் சுற்றுவது 650 கிலோமீட்டர் உயரத்தில்.

'கண்ணுக்குத் தெரியும் நிறமே வெப்பத்தைச் சொல்லிவிடுமே' என்பது அடுத்த வாதம். மிகச் சூடான விண்மீன்கள் எல்லாம் கண்ணுக்கு ஒரே நீலவெள்ளைதான். இன்னொரு விண்மீனின் வெளிச்சத்தில் மறைந்திருந்தால் அந்த நிறமும் தெரியாது. என்ஜிசி 188 என்ற விண்மீன் கொத்தையே எடுத்துக்கொள்ளலாம். அதில் 6,000 கெல்வின் விண்மீன் ஒன்று புறஊதாவில் மட்டும் அளவுக்கு மீறிப் பிரகாசித்தது. வானியலாளர் அன்னபூரணி சுப்பிரமணியம் குழுவினர் அஸ்ட்ரோசாட்டின் புறஊதாத் தொலைநோக்கியான யூவிட் கருவியால் அளந்து, 17,000 கெல்வின் சூடுள்ள துணை விண்மீன் ஒன்று அதனுடன் இருப்பதை 2016இல் அறிவித்தார்கள்.

ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி இருக்கிறதே என்பார்கள். அதன் ஆடி 2.4 மீட்டர், யூவிட்டுடையது வெறும் 375 மில்லிமீட்டர். ஆனால் யூவிட் ஒரே பார்வையில் கிட்டத்தட்ட முழுநிலா அகலத்துக்கு வானத்தைப் படமெடுக்கும். ஹப்பிளின் பார்வை மிகக் குறுகியது.

கருவியை எப்படி நம்புவது என்ற சந்தேகம் மட்டும் நியாயமானது. ஆடியில் ஆவிப்படலம் படியாதிருக்க, ஏவிய பின்பும் இரண்டு மாதம் மூடியைத் திறக்கவில்லை. பிறகு ஒளி அளவு ஏற்கெனவே தெரிந்த எச்இசட் 4 என்ற வெண்குறுமீனை வைத்து அளவுகோலைச் சரிபார்த்தார்கள். யூவிட்டின் அண்மைப் புறஊதாப் பிரிவு 2018இல் செயலிழந்தது. சேய்மைப் புறஊதாப் பிரிவு தொடர்ந்து இயங்கியது.

அதே 2018இல் இஸ்ரோ அஸ்ட்ரோசாட்டின் தரவுகளைப் பொதுவில் வைத்தது. காம்பார் துங்கு அப்துல் ரகுமான் பல்கலைக்கழக மாணவரும் அவற்றைப் பதிவிறக்கித் தாமே அளந்து பார்க்கலாம்.