ராணியை அச்சடித்தவர் பச்சோந்தியா?

வாஷிங்டனில் உள்ள நேஷனல் கேலரி ஆஃப் ஆர்ட்டில் மேரி அன்டாய்னெட்டின் படம் ஒன்று இருக்கிறது. 1777-இல் ழான் பிரான்சுவா ஜானினே செய்தது. ராணிக்கு அப்போது 21 வயதுதான். பார்த்தால் வாட்டர்கலர் ஓவியம் மாதிரி இருக்கும். ஆனால் எட்சிங் அச்சு! செப்புத் தகட்டை அமிலத்தில் அரிக்க வைத்து, நிறத்துக்கு ஒரு தகடாக, ஒரே தாளில் ஒன்றின் மேல் ஒன்றாக அச்சடிக்க வேண்டும். தகடு மயிரிழை நகர்ந்தாலும் உதடு ஒரு பக்கம், அதன் சிவப்பு ஒரு பக்கம் போய்விடும். இது போதாதென்று சட்டத்துக்குத் தங்க ரேக்கு வேறு.

நான் முதலில் பார்த்தது கழுத்தைத்தான், பொய் சொல்வானேன். 1793 அக்டோபர் 16-இல் கில்லட்டினில் வெட்டுப்பட்ட கழுத்து அல்லவா!

இதே ஜானினே 1789-க்குப் பிறகு புரட்சிக் காட்சிகளையும் வரிசையாக அச்சுப் படங்களாக்கினார். 'சரியான பச்சோந்தி' என்றுதான் எனக்கும் தோன்றியது. இப்போது அப்படி நினைக்கவில்லை. அரசவை ஓவியருக்கு ஒரு ராஜா போதும். அச்சுப் போடுகிறவருக்கு ஒரே படத்தைக் காசு கொடுத்து வாங்கப் பல பேர் வேண்டும். அவர்கள் கேட்டதை அவர் அடித்துக் கொடுத்தார். திட்டுவதென்றால் வாங்கியவர்களையும் சேர்த்துத் திட்டுங்கள். ராணியின் முகத்தைத் தங்க ரேக்கோடு வாங்கிச் சுவரில் மாட்டியவர்களில் எத்தனை பேர் 16 வருடம் கழித்து அவளைக் கொண்டுபோன வண்டியை வேடிக்கை பார்க்க நின்றார்களோ!