எண்ணிக்கையில் அடங்காத பெறுமதி

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 மே 31 ஆம் திகதி நள்ளிரவில் எரியூட்டப்பட்டது. ஒவ்வோர் ஆண்டும் அந்நாள் நினைவுகூரப்படும்போது ஓர் எண்ணிக்கை தவறாது எடுத்துரைக்கப்படுகின்றது. ஏறத்தாழ 97,000 நூல்களும் மீளப்பெற முடியாத ஏட்டுச்சுவடிகளும் அத்தீயில் அழிந்தன. இழப்பின் பருமனை இவ்வெண்ணிக்கை உணர்த்துகின்றது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்நூல்களை வாசித்தவர்கள் யார், அவ்வாசிப்பு அவர்களின் வாழ்வில் எதனைச் செய்தது என்ற கேள்விகளுக்கு அதில் விடை இல்லை.

இது யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரிய குறைபாடன்று. உள்ளூராட்சி மன்றங்கள் வரவுசெலவுத் திட்டத்தைத் தயாரிக்கும் வேளைகளில், வீதிக்கும் வடிகாலுக்கும் முன்னால் நூலகம் பின்தள்ளப்படுவது நாடெங்கும் வழமையாகிவிட்டது. நூலகர் தம் பக்க நியாயமாக முன்வைக்கக் கூடியவை அங்கத்தவர் தொகை, இரவல் வழங்கிய நூல்களின் தொகை, நாளாந்த வருகை ஆகியனவே. வீட்டில் படிப்பதற்கு இடமின்றி நூலக மேசையிலேயே உயர்தரப் பரீட்சைக்குத் தயாராகும் மாணவி, ஒரு நூலையேனும் இரவல் பெறாதிருக்கலாம். இரவல் பதிவேட்டில் அவளுக்கு இடமில்லை. பத்திரிகையில் வேலைவாய்ப்பு விளம்பரத்தைக் குறித்துக்கொண்டு செல்லும் இளைஞனின் நிலையும் அதுவே.

இதனாலேயே நூலகவியல் ஆய்வாளர்கள் பலர், புள்ளிவிபரங்களுடன் வாசகர்களின் அனுபவக் கதைகளையும் தரவுகளாகக் கொள்கின்றனர். கதை என்றதும் ஆய்வுக்கு ஒவ்வாதது எனச் சிலர் கருதக்கூடும். பாராட்டுரைகளை மட்டும் தெரிந்தெடுத்து அடுக்கினால் அது விளம்பரமேயன்றி ஆய்வாகாது. ஒரே வகையான வினாக்களைப் பலதரப்பட்டோரிடம் கேட்டல் வேண்டும். நூலகத்தை நாடாதவர்களும், அங்கு மனம் புண்பட்டுத் திரும்பியவர்களும் அதில் இடம்பெற வேண்டும். கூறுபவரின் சம்மதம் பெறப்பட வேண்டும். நினைவு பிறழக்கூடியது என்பதால், கூறப்பட்டவை இயன்றவரை பிற ஆதாரங்களுடன் ஒப்புநோக்கப்பட வேண்டும். இவ்வாறு திரட்டப்படும் கதை, எண்ணிக்கைக்குப் பதிலீடன்று, அதற்கு விளக்கமாகும்.

யாழ். நூலகத்தின் வரலாற்றில் இத்தகைய கதைகளுக்குக் குறைவில்லை. 1933 இல் கே. எம். செல்லப்பா தமது இல்லத்திலேயே ஆரம்பித்த இலவச நூலகந்தான் பின்னர் வளர்ந்து, 1959 இல் புதிய கட்டடத்தில் திறந்துவைக்கப்பட்டது. எரியும் நூலகத்தைக் கண்ட அதிர்ச்சியில் பன்மொழி அறிஞரான தாவீது அடிகள் உயிர்நீத்த செய்தியை யாழ்ப்பாண மக்கள் இன்றும் மறக்கவில்லை. கிழக்கைச் சேர்ந்த கவிஞர் எம். ஏ. நுஃமான் எழுதிய 'புத்தரின் படுகொலை' என்ற கவிதை, அத்துயரம் ஒரு நகருக்கோ ஒரு சமூகத்துக்கோ மட்டும் உரியதாக இருக்கவில்லை என்பதற்குச் சான்றாகும்.

எனினும் இவை அறிஞர்களையும் பிரமுகர்களையும் பற்றியவை. மாலை வேளைகளில் அங்கு வந்து வாசித்த மாணவர், ஆசிரியர், கடைச் சிப்பந்தி, இல்லத்தரசி ஆகியோரின் அனுபவங்கள் போதியளவு முறையாகத் திரட்டப்படவில்லை. 1981 இல் பதினைந்து வயதில் அந்நூலகத்தை நாடியவர் இன்று அறுபது வயதை அண்டி நிற்கின்றார். அன்றைய முதியோருள் பெரும்பாலானோர் மறைந்துவிட்டனர். யுத்தமும் இடப்பெயர்வும் ஏனையோரைப் பல நாடுகளுக்குச் சிதறடித்துவிட்டன. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட யாழ்ப்பாண முஸ்லிம்களும் அந்நகரின் வாசகர்களே. புத்தளத்திலும் ஏனைய இடங்களிலும் வாழும் அவர்களின் நினைவுகளைப் புறக்கணித்துவிட்டு எழுதப்படும் நூலக வரலாறு முழுமையானதாக இராது. அந்த வெளியேற்றத்துக்குத் தமிழ்ச் சமூகம் பொறுப்புக்கூற வேண்டியதை ஒப்புக்கொள்ளும் நேர்மையும் அம்முயற்சிக்கு அவசியமாகும்.

இப்பணிக்குப் பெருந்தொகை நிதி தேவையில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் தத்தமது மாணவர்களை இதில் ஈடுபடுத்தலாம். 2005 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட நூலகம் எண்ணிம நூலகம், தமிழ் பேசும் சமூகங்களின் ஆவணங்களைத் தொடர்ந்து பாதுகாத்து வருகின்றது. பதிவுகளை எங்கு சேமிப்பது என்ற கவலையும் ஆகவே எழப்போவதில்லை. பிரதேச சபை நூலகங்களும் தத்தமது வாசகர்களிடம் இதே வினாக்களைக் கேட்டுப் பதிவுசெய்தால், அடுத்த வரவுசெலவுத் திட்ட விவாதத்தின்போது நூலகர் வெறும் எண்களுடன் மட்டும் சபையின் முன் நிற்க வேண்டியிராது.

எரிந்த நூல்கள் பலவற்றின் வேறு பிரதிகள் பின்னர் கிடைத்தன. அவற்றை வாசித்தவர்களின் நினைவுகளுக்குப் பிரதிகள் கிடையா. அவர்கள் நம்மிடையே உள்ளபோதே அவற்றைக் கேட்டுப் பதிவுசெய்வது பல்கலைக்கழகங்களினதும் உள்ளூராட்சி மன்றங்களினதும் கடமையாகும்.